வெறுங்கோது

எண்ணித்தான் தந்தார் சங்கச் செயலாளர் திலகவர்த்தன:
நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணித்தான் திருப்பி வாங்குவாராம்.
திகதி, கையொப்பம், முத்திரையிட்ட கடிதம் ஒன்று.
சோதனைச் சாவடிகள் எடுபட்டு எத்தனையோ வருடம்,
ஆனாலும் பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும்வரை
சட்டைப்பையில் அந்தக் கடிதத்தைத் தொட்டுக்கொண்டே வந்தேன்.

வெடித்து முடிந்த பித்தளைக் கோதுகள்.
வாய் கறுத்து, அடி புகைந்து.
வெள்ளிவிழாவுக்குத் திறப்புக்கோர்வைகளாகப் போகப்போகின்றன.
பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய மோட்டார்
பெயின்ற் வாளியைச் சுழற்றத் தயார்.
வாளிக்குள் எதைப் போட்டு உருட்டுவது?

முதலில் அரிசிக் குறுணல். வீட்டில் இருந்தது, போட்டேன்.
அடித்துளையில் ஒவ்வொன்றாய்ப் போய் இறுகிக்கொண்டது.
தையலூசியால் குத்திக் குத்தி
ஒரு ஞாயிறு முழுதும் போனது.
"ரவைக்கு ரவையே போட்டுப் பாரன்," என்றான் ஜெரோம் தொலைபேசியில்.
உப்புமாவுக்கும் துவக்குக்கும்
ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.
நான் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மொரட்டுவை மரத்தூள்:
புகையைத் துடைத்தது, ஒளியைத் தரவில்லை.
பழைய சோனகத் தெருவில் நிஸ்தார் நானா
சிரட்டைத் தூளைச் சலித்து முடிந்து தந்தார்.
"இது கடிக்கும். சோளத்தக்கை தடவும்.
கடிக்கிறதெ மொதல்ல போடுங்க,
தடவுறதெ பொறகு."
சோளத்தக்கைத் துருவல் கொள்ளுப்பிட்டியில் கிடைத்தது,
வெள்ளெலிகளுக்கு மெத்தையாக.
எலிக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள் கடைப்பெண்.
மூன்று என்றேன்.

தேசிப்புளி ஒரு கரண்டி கூடினால்
பித்தளைக்கு முகம் சிவந்துவிடும்;
துத்தநாகம் கழன்று செம்பு வெளியே வரும்.
அப்படிப் பதினொன்று கெட்டன.
எண்ணிக்கைக்கு நிறமில்லை, சேர்த்துக்கொண்டேன்.

கடைசியில் உருக்கு ஊசிகள்.
சுங்கத்தில் நான்கு நாள் கிடந்து வந்தவை,
மயிர் தடிப்பில், நகக்கண் நீளத்தில்.
தண்ணீர், ஒரு சொட்டுச் சவர்க்காரம்,
ஒன்றரை மணித்தியாலம்.
மூலைமுடுக்கெல்லாம் மஞ்சள்.
இப்போதுதான் பிறந்து
இன்னும் எவரையும் சந்திக்காதவைபோல்
துவாய்மேல் கிடந்தன.

பத்தேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது.
கீழ்மாடி பவளராணி அக்கா,
புதுக்குடியிருப்பு.
மன்னிப்பை வாயில் எடுத்தேன்.

"சத்தம் பரவாயில்லைத் தம்பி.
மழை மாதிரித்தான் கேக்குது,
அதோட நான் நித்திரையாப் போயிடுவன்.
நீர் டக்கெண்டு நிப்பாட்டுறீர் பாரும்,
அப்பதான் எழும்பிக் குந்தியிருக்கிறன்."

துவாயைப் பார்த்தா. என்னவென்று கேட்கவில்லை.
ஒன்றை எடுத்து, சுண்டுவிரல் நுனியை உள்ளே விட்டு,
பிறகு மூக்கருகே பிடித்து,
"மணம் போட்டுது," என்றா.
எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தா,
வாய் அதே பக்கம் பார்க்க.

அவ படியிறங்கியதும் எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஏன் எண்ணினேன் என்று
அந்த இரவு முழுதும் கூசிக்கொண்டிருந்தது.

ஊசிதான் சிறந்தது, சந்தேகமில்லை.
சிரட்டைத் தூளை நிஸ்தார் நானாவிடமே திருப்பிக் கொடுத்தேன்,
பாதி விலைக்கு எடுத்தார்.
சோளத்தக்கை மட்டும் அலுமாரியின் கீழே இருக்கிறது,
இல்லாத எலிக்கு.

இப்போது ஆளியை அணைத்த உடனே
இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொள்கிறேன்,
நிறுத்த அல்ல.
கூடவே சுற்றிவிடுகிறேன்,
அடுத்த சுற்றை இன்னும் மெதுவாக,
அதற்கடுத்ததை இன்னும்.
ஊசிகள் தூறலாகி,
தாழ்வாரச் சொட்டாகி,
ஒன்று,
கொஞ்சம் பொறுத்து ஒன்று.

உள்ளங்கையில் வாளி விளிம்பு எரிகிறது.
பல்கனியால் எட்டிப் பார்க்கிறேன்:
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது.
கீழ்மாடியில் வெளிச்சமில்லை.